ஆச்சரியக்குறி எடுத்த படிப்பு

என் தங்கைக்கு ‘ஆச்சரியக்குறி’ என்று பெயர் வைத்தது அவளுடைய வகுப்புத் தோழிகள். பெயர் அச்சாகப் பொருந்தியது. நெடுநெடுவென்று ஒல்லியாக இருப்பாள். எதையாவது கண்டுவிட்டால் கண்ணை அகல விரித்து நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றுவிடுவாள். தெருவில் தார் போடும் வண்டி வந்த அன்று பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை. வீட்டுத் தையல் மிஷின் பழுதாகி, மெக்கானிக் வந்து அதன் வயிற்றைத் திறந்தபோது, அவர் கையைவிட இவள் தலைதான் உள்ளே அதிகமாக இருந்தது. “பாப்பா, கொஞ்சம் வெளிச்சத்தை விடும்மா” என்று அவர் கெஞ்ச வேண்டியதாயிற்று.

பள்ளி இறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். இன்ஜினியரிங்கில் எந்தப் பிரிவைக் கேட்டாலும் கிடைக்கும் என்ற நிலை. மற்ற வீடுகளில் இதற்கு இனிப்பு வாங்குவார்கள். எங்கள் வீட்டில் தலைவலி மாத்திரை வாங்கினோம்.

எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. அப்பா லிஃப்ட் மெக்கானிக். அவருக்கு மெக்கானிக்கல் ஒன்றுதான் படிப்பு, மற்றதெல்லாம் பொழுதுபோக்கு. அம்மா மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவு நர்ஸ். மருத்துவக் கருவிகள் பற்றிய படிப்பை எடுத்தால் மகள் வெயில் படாமல் வேலை பார்க்கலாம் என்பது அம்மாவின் ஆசை. நான் கம்ப்யூட்டர் சயன்ஸ் முடித்து ஒரு கம்பெனியில் நாற்காலி தேய்த்துக்கொண்டிருந்தேன். “கம்ப்யூட்டர் எடு, கண்ணை மூடிட்டு எடு” என்றேன். நானும் அப்படித்தான் எடுத்திருந்தேன், கண்ணை மூடிக்கொண்டு.

இரண்டு தெரு தள்ளி எங்கள் அத்தை இருந்தாள். அப்பாவின் அக்கா. மின்சாரத் துறையின் கன்ட்ரோல் ரூமில் இன்ஜினியர். எந்த மின்நிலையம் எவ்வளவு மின்சாரம் தர வேண்டும் என்று சொல்லுகிற இடம் அது. அத்தை மட்டும் எந்தப் பிரிவுக்கும் பரிந்து பேசவில்லை. கேட்டால், “என் வேலைக்கு மட்டும் வராத. மத்ததெல்லாம் உன் இஷ்டம்” என்று டீயை உறிஞ்சுவாள்.

தங்கைக்கு எதுவும் பிடிக்கவில்லை என்றால் வழி இருந்திருக்கும். அவளுக்கு எல்லாமே பிடித்தது. அதுதான் சிக்கல்.

விடுமுறையில் ஒருநாள் அப்பா அவளை ஓர் உயரமான கட்டடத்துக்கு அழைத்துப்போனார். லிஃப்ட் மேலும் கீழும் ஓடும் குழிக்குள், லிஃப்டின் தலைமீதே அவளை ஏற்றி நிறுத்தி, ஹெல்மெட்டை மாட்டிவிட்டு, மெதுவாக மேலே கொண்டுபோனார். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பெரிய இரும்புப் பாரம் கீழே இறங்கி அவளைக் கடந்து போயிற்று.

“அது என்னப்பா?”

“உனக்கு எதிரே தொங்குற எடை. லிஃப்ட் எடையும், பாதி ஆளுங்க எடையும் சேர்ந்த கனம். ஆள் கம்மியா இருக்கறப்போ பிரேக்கை விட்டா லிஃப்ட் கீழே விழாது. மேலேதான் போகும்.”

“மேலேயா!”

“ஆமா. கயிறே அறுந்தாலும் பயமில்ல. வேகம் கூடினா, லிஃப்டுக்கு அடியில இருக்கற பல்லு பக்கத்துத் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிச்சுக்கும்.”

அன்று மாலை அவள் வீட்டுக்குள் நுழைந்ததே, “அம்மா, முடிவு பண்ணிட்டேன். மெக்கானிக்கல்தான்” என்ற சத்தத்தோடுதான். தினமும் இத்தனை பேர் ஒரு பெட்டிக்குள் ஏறி நின்றுகொண்டு போனைப் பார்க்கிறார்களே, எதிரே அவர்களுக்குச் சமமாக ஓர் எடை இறங்கிக்கொண்டிருப்பது ஒருவருக்கும் தெரியாதே என்று சாப்பிடும்போதும் சொன்னாள், கை கழுவும்போதும் சொன்னாள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷம் அந்த வாரத்தைத் தாண்டவில்லை. அம்மா மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்க டயாலிசிஸ் பிரிவுக்குப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். கட்டிலில் படுத்திருந்தவர் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர், நல்ல வாயாடி. “பக்கத்துல வாம்மா, என் ரத்தம் ஊர்வலம் போறதைப் பாரு” என்று கூப்பிட்டாராம். அவர் கையிலிருந்து ரத்தம் குழாய் வழியே வெளியே வந்து, சுழலும் உருளைகள் தள்ள, முடியைவிட மெல்லிய இழைகள் நிறைந்த ஒரு வடிகட்டிக்குள் புகுந்து, சுத்தமாகி அவருக்குள்ளேயே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. குழாயில் ஒரு காற்றுக் குமிழி வந்தாலும் கருவி தானே கண்டுபிடித்துக் குழாயை இறுக்கி மூடி, அலறும் என்றாள் அம்மா.

“ஒரு மனுஷனோட ரத்தம் அவருக்கு வெளியே ஓடிட்டிருக்கு. அவர் அதைப் பார்த்துட்டே ஜோக் அடிக்கிறார்” என்று தங்கை என்னிடம் சொன்னபோது அவள் குரல் இறங்கியிருந்தது. அப்புறம், “இதுதான் அண்ணா” என்றாள்.

அடுத்தது என் முறை. நான் எழுதிய ஒரு சின்ன நிரலைத் திறந்துகாட்டி, ஒருவர் போனில் தட்டும் எழுத்து கடலுக்கு அடியில் கிடக்கும் கம்பி வழியாகப் போய், கண்ணிமைக்கும் முன் பதிலோடு திரும்புவதைச் சொன்னேன். எனக்கு அது தினசரி வேலை. அவளோ திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “கடலுக்கு அடியிலயா?” என்றாள். நான் அந்த வேலையில் சேர்ந்த நாள் முதல் ஒருமுறைகூட அந்தக் கடலை நினைத்துப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

சாப்பாட்டு மேஜையில் அப்பாவின் பொறுமை போயிற்று. “நீ படிக்கப் போறியா, வேடிக்கை பாக்கப் போறியா? நேத்து ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு. அடுத்த வாரம் கவுன்சலிங்ல போய் நிக்கறப்போ எதைக் கேப்ப?”

நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கிவிட்டது.

“எனக்கே தெரியலப்பா. எதைப் பாத்தாலும் அதுதான் பெரிசா இருக்கு. ஒண்ணை எடுத்துட்டா மத்த கதவெல்லாம் மூடிடுமே. அது எப்படி ஓடுதுன்னு தெரியாமலேயே கடைசி வரைக்கும் இருக்கணுமே.”

 அம்மா அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சாப்பாட்டை வைத்தாள். எங்கள் வீட்டில் ஆறுதலுக்கு அதுதான் வழி.

பிரிவு தேர்ந்தெடுக்கும் நாளுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு நண்பகலில், ஊரே நின்றுபோனது.

என் அலுவலகத்தில் முதலில் திரைகள் அணைந்தன. மின்வெட்டு புதிதில்லை, ஜெனரேட்டர் ஓடும் என்று காத்திருந்தோம். ஜன்னல் வழியே பார்த்தால் சிக்னல் விளக்குகள் எல்லாம் செத்துக் கிடந்தன. வண்டிகள் நாலாபக்கமும் முட்டிக்கொண்டு நின்றன. பக்கத்து ஊரிலும் இல்லை, அதற்கடுத்த ஊரிலும் இல்லை என்று செய்தி வந்தது. அதற்குள் போனும் ஊமையானது.

தங்கை அன்று அப்பாவோடு ஓர் அலுவலகக் கட்டடத்தில் இருந்தாள். லிஃப்டுக்குள் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள். அப்பா இயந்திர அறைக்கு ஓடி, பிரேக்கைக் கையால் விடுவித்து, சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி லிஃப்டை ஒரு தளத்துக்குக் கொண்டுவந்தார். உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்ததும் ஓர் அம்மாள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அந்தச் சந்தடியில் தங்கை மொட்டைமாடிக்கு ஏறிப் போயிருக்கிறாள்.

அவள் பின்னால் சொன்னது இது: “மேல போய் நின்னேன் அண்ணா. ஊரே தெரிஞ்சுது. ஆனா ஏதோ ஒண்ணு இல்ல. என்னன்னு புரிய நேரமாச்சு. எப்பவும் ஒரு ‘உம்’முனு சத்தம் இருக்கும்ல, ஏசி, மோட்டாரு, மிஷினுன்னு எல்லாம் சேர்ந்து? பிறந்ததுல இருந்து கேட்டுக்கிட்டே இருக்கற சத்தம். அது நின்னுபோச்சு. எங்கேயோ ஒரு குழந்தை அழுதது அவ்வளவு தூரத்துல இருந்து கேட்டுச்சு. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுடுச்சு.”

இருட்டிய பிறகுதான் விளக்கு வரத் தொடங்கியது. அதுவும் ஒரே வீச்சில் வரவில்லை. தொலைவில் ஒரு பகுதி, பிறகு ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு துண்டு, பிறகு மருத்துவமனை இருக்கும் தெரு. யாரோ பார்த்துப் பார்த்து ஊசியால் தைப்பது போல வந்தது.

மறுநாள் காலை அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். நேராக வேலையிலிருந்து வந்திருந்தாள். கண் சிவந்து, தலை கலைந்து, குரல் கட்டியிருந்தது. நாற்காலியில் விழுந்து, “நாத்தனார்னு ஒருத்தி இருக்கறது நினைவிருந்தா ஏதாவது சாப்பிடக் கொடு” என்றாள் அம்மாவிடம்.

தங்கை அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். “அத்தை, எப்படித் திரும்பக் கொண்டுவந்தீங்க? பெரிய சுவிட்ச் ஏதாவது இருக்கா?”

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சுவிட்சா? ஒரு கரண்ட் ஸ்டேஷனைக் கிளப்பவே கரண்ட் வேணும்டி. அங்க இருக்கற பம்பு, ஃபேன் எல்லாம் எதுல ஓடும்? எல்லா ஸ்டேஷனும் நின்னுட்டா, கிளப்புறதுக்கு எங்கேயும் கரண்ட் கிடையாது.”

“அப்புறம்?”

“மலைமேல ஒரு குட்டி நீர்மின் நிலையம் இருக்கு. அதுக்கு மட்டும் யாரோட தயவும் வேணாம். பேட்டரியை வச்சு மதகைத் திறந்தா தண்ணி விழும், சக்கரம் சுத்தும். அந்தச் சின்னதை வச்சு அடுத்ததை எழுப்பினோம். அதை வச்சு அதைவிடப் பெரிசை. நடுநடுவுல ஒவ்வொரு தெருவாச் சேர்த்துக்கணும். பேராசைப்பட்டு ஒரு தெரு கூடுதலாச் சேர்த்தா பாரம் தாங்காம எல்லாம் மறுபடி விழுந்துடும். விழுந்துச்சு. ரெண்டு தடவை. முதல்ல இருந்து ஆரம்பிச்சோம்.”

தங்கையின் கண் விரிந்துகொண்டே போனது. அத்தை தட்டைக் கையில் வாங்கிக்கொண்டே பேசினாள்.

“அதுவும் சும்மா ஓடினாப் போதாது. இங்கேர்ந்து நாட்டு எல்லை வரைக்கும் இருக்கற அத்தனை மிஷினும் ஒரே வேகத்துல, ஒரே தாளத்துல சுத்தணும். ஒரே மிஷின் மாதிரி. ஒண்ணு முந்தினாலும் ஆபத்து, பிந்தினாலும் ஆபத்து.”

“எல்லாமேவா?”

“எல்லாமேதான். உங்கம்மா இப்போ மிக்சியைப் போட்டா, அந்தப் பாரம் அத்தனை மிஷின் மேலயும் துளித்துளியா ஏறும். அதுங்க எல்லாம் ஒரு இம்மி தயங்கும். அளந்து பாக்க முடியாது, ஆனா தயங்கும்.”

அடுப்படியிலிருந்த அம்மா மிக்சி பொத்தான்மீது வைத்த கையை எடுத்துவிட்டாள்.

தங்கை மட்டும் எழுந்து போய்ச் சமையலறைச் சுவரிலிருந்த சுவிட்ச் முன்னால் நின்றாள். போட்டாள். விளக்கு எரிந்தது. அணைத்தாள். மறுபடி போட்டாள். பதினேழு வருஷம் அந்த வீட்டில் வளர்ந்தவள், அந்தச் சுவிட்சை அன்றுதான் பார்த்தவள் போல நின்றாள்.

நான் காத்திருந்தேன், ‘இதுதான் அண்ணா’ என்று கூவப்போகிறாள் என்று. கூவவில்லை. 

தேர்ந்தெடுக்கும் நாளில் அப்பாவும் நானும் உடன் போனோம். பெரிய கூடம். பெரிய திரையில் ஒவ்வொரு பிரிவிலும் மிச்சமிருந்த இடங்கள் குறைந்துகொண்டே வந்தன. அவளைக் கூப்பிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்தவர், “என்ன பிரிவும்மா?” என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்.

“எலக்ட்ரிக்கல்.”

அவர் நிமிர்ந்தார். “உன் மார்க்குக்குக் கம்ப்யூட்டரே இருக்கேம்மா.”

“தெரியும் சார். எலக்ட்ரிக்கல்.”

வெளியே வந்ததும் அப்பா கேட்டார்: “லிஃப்டு பிடிக்கலயா?”

“பிடிச்சிருக்குப்பா. ஆனா அதையும் இதுதானே ஓட்டுது? அம்மாவோட மிஷினையும், அண்ணாவோட கம்ப்யூட்டரையும்? எதையும் விட்டுட்டுப் போற மாதிரி இல்லப்பா இது.”

 அப்பா வாசலில் இருந்த கடையில் அவளுக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். சின்னப்பெண்ணாக இருந்தபோது கொடுத்த மாதிரி. விஷயம் தெரிந்து அத்தைதான் கத்தினாள். “படிச்சுப் படிச்சு சொன்னேனே! நிம்மதியா ஒருநாள் தூங்கியிருக்கேனா நான்?” என்று வாசலிலேயே நின்று சண்டை போட்டுவிட்டு, காபிகூடக் குடிக்காமல் போனாள்.

இத்தோடு எல்லாம் சுபம் என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் ஆண்டில் அவள் துவண்டுபோனாள். பாடத்தில் மின்சாரத்தையே காணோம். வெறும் கணக்கு. அதிலும், கற்பனை எண் என்று இல்லாத எண்ணை இருப்பதாக வைத்துக்கொண்டு போடுகிற கணக்கு. ஒரு தேர்வில் தோற்றாள். வகுப்பில் இருந்த சிலர் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாற ஓடிக்கொண்டிருந்தார்கள். அவளும் என்னிடம் வந்து, “மாறிடட்டுமா?” என்று கேட்டாள். முகத்தில் விளக்கே இல்லை. நான் என்ன சொல்வது? அத்தையிடம் கேளேன் என்று தள்ளிவிட்டேன்.

அத்தை புத்திமதி எதுவும் சொல்லவில்லையாம். எரிச்சலில், “எனக்கு ட்யூட்டிக்கு நேரமாச்சு, வர்றதுன்னா வா” என்று சொல்லி, அனுமதி வாங்கி அவளைக் கன்ட்ரோல் ரூமுக்கே கூட்டிப்போய்விட்டாள். அன்று ஏதோ பெரிய கால்பந்து இறுதிப்போட்டி. நாடே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தது. ஆனால் அந்த அறையில் யாரும் போட்டியைப் பார்க்கவில்லை. சுவர் நிறையக் கோடுகளும் விளக்குகளும். நடுவில் பெரிதாக ஓர் எண். ஐம்பது. அது கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும், மறுபடி ஐம்பதுக்கு வரும். தூங்குகிறவனின் மார்பு மாதிரி.

“இது என்ன அத்தை?”

“அன்னைக்குச் சொன்னேனே தாளம், அது. நொடிக்கு அம்பது அதிர்வு. இப்போ இடைவேளை விடுவாங்க. எண்ணையே பாரு.”

ஒருவர் போனில், “தயாரா இருங்க” என்று மலைமேல் இருந்த ஆட்களுக்குச் சொன்னார்.  விசில் ஊதியிருக்க வேண்டும். அந்த எண் மெல்லச் சரியத் தொடங்கியது. சரிந்தது, இன்னும் சரிந்தது.

“எழுந்துட்டாங்க” என்றாள் அத்தை.

நாடு முழுக்க லட்சக்கணக்கான ஆட்கள் ஒரே சமயத்தில் எழுந்து, விளக்கைப் போட்டு, ஃபிரிட்ஜைத் திறந்து, டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். அவர்கள் எல்லோரும் சேர்ந்து எழுந்தது அந்தச் சுவரில் தெரிந்தது. தங்கை மூச்சுவிட மறந்து நின்றாளாம். பிறகு மலைமேல் மதகுகள் திறந்தன. எண் நின்றது. தயங்கியது. ஒரு மாடிப்படி ஏறுவது போல ஏறி ஐம்பதுக்கு வந்து சேர்ந்தது. போனை வைத்தவர் ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார்.

“அந்த இல்லாத எண்ணு இருக்கே அண்ணா,” என்று வீட்டுக்கு வந்ததும் சொன்னாள், “அதை வச்சுதான் இது அடுத்த நொடி எங்கே போகும்னு கணக்குப் போடறாங்க. இல்லாத எண்ணை வச்சு, இருக்கற ஊரைத் தாங்கிப் பிடிக்கிறாங்க.”

மாறவில்லை. அந்தப் பாடத்தில் அடுத்த முறையும் தத்தித் தடுமாறித்தான் தேறினாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆச்சரியம் வேறு, மதிப்பெண் வேறு. வேலைக்கான தேர்விலும் ஒருமுறை விழுந்து மறுமுறைதான் எழுந்தாள். இடையில் ஒரு மின்விசிறிக் கம்பெனியில் நாள் முழுக்கக் கம்பிச் சுருள் சோதிக்கும் வேலை பார்த்தாள். “இது மட்டும் ஆச்சரியமா இல்ல” என்று அப்போதுதான் முதல்முறையாக ஒரு இயந்திரத்தைப் பற்றி அலுத்துக்கொண்டாள்.

பிறகு மின்சாரத் துறையில் வேலை கிடைத்தது. பயிற்சிக்கு மலைமேல் ஒரு பழைய நீர்மின் நிலையத்துக்கு அனுப்பினார்கள். பயிற்சியின் கடைசிப் பகுதியில், நின்றிருக்கும் ஜெனரேட்டர் ஒன்றைக் கிளப்பி, ஓடிக்கொண்டிருக்கும் நாட்டு மின்சாரத்தோடு சேர்க்க வேண்டும். தானியங்கிக் கருவியிடம் விட்டால் அதுவே சேர்த்துவிடும். ஆனால் கை பழக வேண்டும் என்று அங்கே ஒருமுறை கையால் செய்யச் சொல்லுவார்கள்.

தண்ணீரைத் திறந்தார்கள். வீட்டளவு பெரிய சக்கரம் முனகிக்கொண்டு எழுந்து வேகம் பிடித்தது. அவள் முன்னால் ஒரு வட்டக் கருவி. அதில் ஒரு முள் சுற்றிக்கொண்டிருந்தது. முள் வேகமாகச் சுற்றினால் இந்த இயந்திரம் நாட்டின் தாளத்தை விட்டு வெகுதூரம் விலகியிருக்கிறது என்று பொருள். மெதுவாகச் சுற்றினால் நெருங்கிவிட்டது. முள் உச்சிக்கு வரும் கணத்தில் பிடியைத் திருப்பி இணைப்பை மூடி இரண்டையும் சேர்க்க வேண்டும். தப்பான கணத்தில் மூடினால் இரும்புத் தண்டே முறுக்கிக்கொள்ளக்கூடும்.

ஷிஃப்ட் இன்ஜினியர் பக்கத்தில் நின்றார். “அவசரமில்லம்மா. அது சுத்தட்டும். உனக்கு மனசு வர்றப்போ மூடு.”

தண்ணீரைக் கொஞ்சம் கூட்டினாள், கொஞ்சம் குறைத்தாள். முள் தளர்ந்தது. சோம்பலாக ஒரு சுற்று வந்தது. அவள் விட்டுவிட்டாள். இன்னொரு சுற்று. அதையும் விட்டாள். உள்ளங்கை வியர்த்துப் பிடி வழுக்கியது. மூன்றாவது முறை, முள் உச்சியைத் தொடப்போகும்போது பிடியைத் திருப்பினாள்.

தடால் என்று ஒரு சத்தம். தரை ஒருமுறை அதிர்ந்தது. முள் உச்சியில் அப்படியே நின்றது, ஆணி அடித்ததுபோல. அதுவரை தன்பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்த இயந்திரத்தின் குரல் மாறி, ஒரே சுருதியில் நிலைத்தது. இனி அது தனி இயந்திரமில்லை. எல்லைவரை சுற்றிக்கொண்டிருக்கும் அத்தனையோடும் கைகோத்துவிட்டது.

“சேர்ந்தாச்சு” என்றார் அவர். “நல்லாச் சேர்த்த.”

அப்போது நான் அலுவலகத்தில் இருந்தேன். போன் அடித்தது. எடுத்தால் அந்தப் பக்கம் பேச்சில்லை. பெரிய இரைச்சல் மட்டும்.

“என்னடி ஆச்சு? ஏன் பேச மாட்டேங்கிற? அழறியா?”

“இல்ல அண்ணா. கொஞ்ச நேரம் பேசாம இரு. இதைக் கேளு.”

சுவரோரமாக நகர்ந்து, போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். மலையைத் துளைத்துத் தண்ணீர் விழும் ஓசையும், அதன் அடியில் தாழ்ந்த, விடாத ஓர் ஒலியும் கேட்டன. என் தலைக்கு மேல் விளக்குகள் எரிந்தன. மேஜைதோறும் திரைகள் ஒளிர்ந்தன. பக்கத்தில் ஒருவர் என்ன என்று சைகையால் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உஷ் என்று விரலை உதட்டில் வைத்தேன்.